மைக்ரோ சீ.ரி. ஸ்கான் சேவை: வெடித்த இரும்பை யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்புவது காசுக்குத் தகுமா?

குருநகரிலோ மயிலிட்டியிலோ எஞ்சின் திருத்தும் பட்டறையின் மூலையைப் பார்த்தால் முறிந்த ஸாஃப்ற், இதழ் வெடித்த புரொப்பெல்லர், பிளந்த கனெக்ரிங் றொட் என்று ஒரு குவியல் கிடக்கும். அநேகமானவை ஒரே அடியில் முறிந்தவை அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊர்ந்த வெடிப்பு, மிச்ச உலோகத்தால் பாரம் தாங்க ஏலாத நாளில் முறித்துப் போட்டுவிடுகிறது. உலோகக் களைப்பு என்பது இதுதான். அந்த வெடிப்பை முறியுமுன்பே முப்பரிமாணத்தில் காட்டுகிறோம் என்று சொல்லும் கட்டண எக்ஸ்ரே ஸ்கான் (மைக்ரோ சீ.ரி., micro-CT) சேவைகள் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர்ப் பக்கம் இருக்கின்றன. துண்டைக் கூரியரில் அனுப்பினால் படம் திரும்பி வரும். அந்தச் சேவையைத்தான் இங்கே எடை போடுகிறோம். இன்ன ஆய்வுக்கூடம் என்று பெயர் எழுதவில்லை. மெசின் ஏறக்குறைய ஒரே வகை, பௌதிகவியல் எல்லாருக்கும் ஒன்றுதான், காசு வீணாகும் இடங்களும் அவையேதான்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். "இந்த ஸாஃப்றில் வெடிப்பு இருக்கிறதா?" என்று கேட்டு இங்கே போவது புடவைக் கடையில் மண்வெட்டி கேட்பதற்குச் சமம். "வெடிப்பு எங்கே பிறந்தது, உள்ளே எந்த வடிவில் போயிருக்கிறது, கிளை விட்டிருக்கிறதா?" என்று கேட்பவருக்கு இதற்கு ஈடான வேறு வழி இல்லை. எங்கள் மதிப்பெண் அலுமினியத்துக்கு ஐந்தில் நாலரை, உருக்குக்கு இரண்டரை, செம்புக் கலப்பு வெண்கலத்துக்கு ஒன்று. இந்த வித்தியாசம் ஆய்வுக்கூடத்தின் குற்றமல்ல. ஆனால் கட்டணம் வாங்குமுன் வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லாமல் விடுவது அவர்களின் குற்றம்.

மெசின் எளிதானது. எக்ஸ்ரே குழாய்க்கும் உணர்தட்டுக்கும் நடுவில் சுழலும் மேடை, அதன் மேல் துண்டு. ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்க மெசின் சுற்றும்; இங்கே மெசின் நிற்கத் துண்டு சுற்றும். ஒரு முழுச் சுற்றில் எடுத்த ஆயிரக்கணக்கான நிழற்படங்களிலிருந்து கணினி உள்வெட்டுமுகங்களைக் கட்டியெழுப்புகிறது. கூம்புக் கதிருக்கு இன்றும் பரவலாகப் பாவிக்கப்படும் கணக்குமுறையை 1984இல் வெளியிட்ட ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் மூவரும் ஃபோர்ட் கார்க் கொம்பனியின் ஆராய்ச்சியாளர்கள். ஆகவே இது வைத்தியத்திலிருந்து கடன் வாங்கிய வேலை என்று நினைக்கத் தேவையில்லை. இந்தப் பகுதி உலோகக்காரரின் சொந்தச் சொத்து.

"அப்படியென்றால் ஆஸ்பத்திரி சீ.ரி.யிலேயே வைத்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அது 120 முதல் 140 கிலோவோல்ற்றில் ஓடுவது, அதன் மிகச் சிறிய புள்ளி அரை மில்லிமீற்றர் அளவு. உருக்குத் துண்டை வைத்தால் நட்சத்திரம்போலக் கோடுகள்தான் வரும். மைக்ரோ சீ.ரி.யில் 160 அல்லது 225 கிலோவோல்ற். புள்ளி சில மைக்ரோமீற்றர்.

முதல் ஏமாற்றம் தடிப்பில் வருகிறது. 100 கிலோஇலத்திரன்வோல்ற் சக்தியுள்ள கதிரில் பாதியைத் தடுக்க அலுமினியம் என்றால் 15 மில்லிமீற்றர் வேண்டும், இரும்பு என்றால் 2.4 மில்லிமீற்றர் போதும், செம்பு 1.7 மில்லிமீற்றரிலேயே தடுத்துவிடும். நல்ல படத்துக்குப் பாதி கதிரே வந்து சேர வேண்டும் என்றில்லை. மிக நீளமான பாதையில் 13 அல்லது 14 வீதம் வந்தால் படத்தின் கறுப்பு வெள்ளை மாறுபாடும் புள்ளி இரைச்சலும் சமநிலையில் இருக்கும் என்பது பழைய கணக்கு. அதன்படி பார்த்தால் இரும்பில் 7 மில்லிமீற்றருக்குள், அலுமினியத்தில் 40 மில்லிமீற்றர் சொச்சம். வள்ளத்து ஒன்றேகால் அங்குல ஸாஃப்றை முழுசாக அனுப்பினால் அந்தக் கதிரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட மற்றப் பக்கம் வராது. 200 கிலோஇலத்திரன்வோல்ற்றில்கூட நூற்றுக்கு இரண்டரைதான். "225 கிலோவோல்ற் மெசின், உருக்கும் பார்க்கலாம்" என்ற விளம்பரம் பொய் இல்லை. வார்ப்பில் பெரிய ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க அது போதும். களைப்பு வெடிப்புக்குப் போதாது. 225 என்பது உச்ச சக்தி. குழாயிலிருந்து வரும் கதிரில் பெரும்பகுதி அதன் பாதியிலும் குறைவான சக்தியுடையது.

தடிப்பு என்றால் மிக நீளமான பாதை என்று விளங்கிக்கொள்ள வேண்டும். 3 மில்லிமீற்றர் தகடு மெல்லியதுதான், ஆனால் அது 20 மில்லிமீற்றர் அகலம் என்றால் சுற்றும்போது ஒரு கட்டத்தில் கதிர் 20 மில்லிமீற்றருக்குள்ளால் போக வேண்டிவரும். வட்டக் கம்பி அல்லது சதுரக் குச்சிதான் நல்ல வடிவம்.

அடுத்தது நுணுக்கம். உணர்தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய 2,000 பிக்சல். துண்டின் அகலத்தை 2,000ஆல் பிரித்தால் வருவது வொக்சல், அதாவது முப்பரிமாணப் புள்ளியின் அளவு. 10 மில்லிமீற்றர் துண்டுக்கு 5 மைக்ரோமீற்றர், 40 மில்லிமீற்றருக்கு 20, 100 மில்லிமீற்றருக்கு 50. விலைப்பட்டியலில் "1 மைக்ரோமீற்றருக்கும் கீழே" என்று போட்டிருப்பது தீக்குச்சி மொத்தத் துண்டுக்கு. இதைவிடச் சூட்சுமமான விடயம் ஒன்று உண்டு, அதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. குழாயில் கதிர் பிறக்கும் புள்ளி, வலு கூடக் கூடப் பெருக்கும். பத்து வாற்றுக்கு மேலே போனால் வாற்றுக்கு ஒரு மைக்ரோமீற்றர் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். 200 கிலோவோல்ற், 50 மைக்ரோஅம்பியர் என்றால் 10 வாற், புள்ளி 10 மைக்ரோமீற்றர். அவசரத்துக்கு 200 மைக்ரோஅம்பியர் விட்டால் 40 வாற். அப்போது அறிக்கையில் "வொக்சல் 5 மைக்ரோமீற்றர்" என்று எழுதியிருக்கும், படம் உண்மையில் 40 மைக்ரோமீற்றர் மங்கலில் இருக்கும். வேகமாக முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை வாற், எத்தனை நிழற்படம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி என்பதுதான். 2,000 பிக்சல் அகலத்துக்கு 3,100 அளவில் நிழற்படம் வேண்டும். ஒன்றுக்கு ஒரு விநாடி, நான்கு தரம் எடுத்துச் சராசரி என்றால் மூன்றரை மணித்தியாலம். 800 படத்தில் அரை மணித்தியாலத்துக்குள் முடித்தால் கோடு கோடாக இழுபட்ட படம் வரும். அந்தக் கோடுகளுக்குள் வெடிப்பைத் தேடுவது வைக்கோற்போருக்குள் ஊசி.

இனி முக்கியமான இடம். களைப்பு வெடிப்பு நீளத்தில் மில்லிமீற்றர் கணக்கில் இருந்தாலும் வாய் திறப்பு மைக்ரோமீற்றர் கணக்கில்தான். இழுத்துப் பிடித்த நிலையில், தகைவுச் செறிவுக் காரணி (வெடிப்பின் நுனியில் இழுவை எவ்வளவு குவிகிறது என்று சொல்லும் அளவு) 20 மெகாபாஸ்கல் ரூட் மீற்றர் என்று வைத்தால், வெடிப்பின் நுனியிலிருந்து 0.1 மில்லிமீற்றர் பின்னுக்கு அலுமினியத்தில் 8 மைக்ரோமீற்றர் திறந்திருக்கும், உருக்கில் 3 மைக்ரோமீற்றர்தான். உருக்கு மூன்று மடங்கு விறைப்பு என்பதால். கதிர் ஊடுருவுவதிலும் உருக்குக்குப் பாதகம், திறப்பிலும் பாதகம்.

பாரத்தை எடுத்துவிட்டால் அதுவும் இல்லை. வெடிப்பு ஊர்ந்து போன வழியில் இரண்டு முகங்களிலும் இழுபட்டு நீண்ட உலோகம் மிஞ்சிக் கிடக்கிறது. பாரம் குறையும்போது முகங்கள் ஒன்றையொன்று முன்கூட்டியே தொட்டு மூடிக்கொள்கின்றன. எல்பர் என்ற ஆராய்ச்சியாளர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டிய வெடிப்பு மூடல் இதுதான். கழற்றி எடுத்து மேசையில் வைத்த ஸாஃப்றின் வெடிப்பு, அதன் நுனிப் பக்கத்தில் முழுக்க மூடியிருக்கும். அதை அப்படியே ஸ்கான் செய்தால் வாய்ப்பக்கம் மட்டும் தெரியும், நுனி தெரியாது, அறிக்கையில் வெடிப்பு ஆழம் உண்மையைவிடக் குறைவாக வரும். ஆபத்தான பிழை இது, ஏனென்றால் படம் அழகாகவும் நம்பத்தகுந்ததாகவும் இருக்கும்.

ஆகவே இழுத்துப் பிடித்தபடி ஸ்கான் செய்யும் வசதி இருக்கிறதா என்பதுதான் ஒரு ஆய்வுக்கூடத்தைத் தெரிவு செய்வதற்கான முதல் கேள்வி. அதற்கான கருவி பெரிதல்ல. பொலிகாபனேற்று, அக்கிரிலிக் அல்லது காபன் நார்க் குழாய்க்குள் துண்டு, மேலும் கீழும் பிடி, ஒரு திருகு, ஒரு விசைமானி. குழாய் எல்லாக் கோணத்திலும் ஒரே தடிப்பு என்பதால் எக்ஸ்ரேக்கு இடைஞ்சல் இல்லை. 2க்கு 2 மில்லிமீற்றர் அலுமினியக் குச்சியை 150 மெகாபாஸ்கலில் இழுக்க 600 நியூற்றன் போதும், அதாவது அறுபது கிலோ சொச்சப் பாரம். இழுவைக் கருவி இல்லை என்கிற ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. துண்டை இசைக்கவர்போல நடுவில் பிளவு விட்டு வெட்டி, வெடிப்பு பிளவின் அடியில் வரும்படி வைத்து, ஒரு கையில் புரி வெட்டிப் போல்ற் போட்டு மற்றக் கையைத் தள்ளினால் வாய் திறந்தபடி நிற்கும். போல்ற் வெடிப்பின் மட்டத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும், முடிந்தால் அலுமினியம் அல்லது தைத்தேனியத்தில் இருக்க வேண்டும். முறுக்கும்போது பேராசை கூடாது. ஓடும்போது வந்த பாரத்தைவிடக் கூடத் திறந்தால் நுனியில் புதிதாக உலோகம் இளகும், வெடிப்பும் நீளும். பிறகு ஸ்கானில் தெரிவது எஞ்சின் செய்த வேலையா, போல்ற் செய்த வேலையா என்று யாராலும் பிரிக்க முடியாது.

துண்டு வெட்டுவதில்தான் எங்கள் பக்கத்துப் பட்டறைகள் காசைக் கோட்டை விடுகின்றன. கிரைண்டர் தொடவே கூடாது. சூட்டால் உள் இறுக்கம் மாறும், வெட்டுத்தூள் வெடிப்புக்குள் புகுந்து நிரவும். கம்பித் தூரிகையும் மணல் வீச்சும் வாயை மூடி மெழுகிவிடும். இரும்பறுக்கும் வாளால், தண்ணீரோ வெட்டெண்ணெயோ ஊற்றி, வெடிப்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றராவது தள்ளிக் கையால் அறுத்து எடுப்பது பரவாயில்லை. மிச்சச் சீராக்கத்தை வயர் ஈ.டி.எம். (மின்பொறியால் அறுக்கும் கம்பி) அல்லது மெதுவாக ஓடும் வைர வாளில் செய்து தரும்படி ஆய்வுக்கூடத்திடம் விடலாம், அதற்குத் தனிக் கட்டணம். எங்கே வெட்டுவது என்பதற்கு ஸாஃப்றே வழி சொல்லும். கீவேயின் (சாவிக்கட்டை இருக்கும் பள்ளத்தின்) உள்மூலை, புரியின் அடி, புரொப்பெல்லர் ஏறி இருக்கும் கூம்பின் பெரிய முனை, பெயரிங் உரசிய இடம், சீலுக்குக் கீழே உப்புத்தண்ணீர் தின்ற குழிகள். வெடிப்பு பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றில்தான் பிறந்திருக்கும்.

அடுத்த எதிரி கறள். கடலில் ஓடிய உலோகத்தில் வெடிப்புக்குள் வெறும் காற்று இருப்பது அரிது. இரும்பின் அடர்த்தி 7.87, கறளில் இருக்கும் ஒட்சைட்டுகளில் கூடியதே 5.2 அளவு, மாறுபாடு குறையும், ஆனாலும் தெரியும். அலுமினியத்தில் நிலைமை மோசம். அலுமினியம் 2.7, அது உப்புத்தண்ணீரில் அரித்து உண்டாகும் வெள்ளை ஐதரொட்சைட்டு 2.4. அடர்த்திக் கணக்கில் மட்டும் பார்த்தால், காற்று நிரம்பிய வெடிப்பு தரும் மாறுபாட்டில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அகலமான, கண்ணால் தெரியும் வெடிப்பு ஸ்கானில் மங்கிப் போவதற்கு அநேகமாக இதுவே காரணம். கழற்றிய உடனே நல்ல தண்ணீரில் கழுவி, அசற்றோனில் அல்ட்ராசோனிக் குளியல் கொடுத்து, 60 பாகை செல்சியசில் ஒரு இரவு உலர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத உறையில் போட்டு அனுப்ப வேண்டும். அமிலத்தில் கழுவ வேண்டாம். கறளோடு சேர்த்து வெடிப்பின் ஓரத்தையும் தின்றுவிடும். எங்கள் உவர்க்காற்றில் உருக்கை இரண்டு நாள் மேசையில் விட்டாலே புதுக் கறள் பிடிக்கும் என்பதையும் கூரியர் போய்ச் சேரும் நாளோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

மேடையில் எப்படி நிறுத்துவது என்பது ஆய்வுக்கூடத்தின் வேலைதான், ஆனாலும் கட்டளைப் படிவத்தில் எழுதிவிடுவது நல்லது. களைப்பு வெடிப்பு இழுவைக்குச் செங்குத்தாக ஓடும். குச்சியை நிமிர்த்தி வைத்தால் வெடிப்பின் தளம் கிடையாக நிற்கும். கூம்புக் கதிரில் கிடைத்தளம் ஒழுங்காகக் கட்டியெழுப்பப்படுவது கதிரின் நடு மட்டத்தில் மட்டுமே. மேலே அல்லது கீழே போகப் போகத் தளம் மங்கி, இரண்டாகப் பிரிந்து தெரியும். அதனால் வெடிப்பு சரியாக நடு உயரத்தில் வரவேண்டும். அங்கே கதிர் வெடிப்பின் தளத்தோடு ஒட்டி நீளமாகப் போவதால் மாறுபாடும் கூடும். வெடிப்பின் வாய் துண்டின் முனையிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து எழுதி, பக்கத்தில் ஒரு குறியும் போட்டு அனுப்பினால் இந்தக் குழப்பம் வராது. சூட்டுப் பசையில் ஒட்டி வைத்த துண்டு மணித்தியாலக் கணக்கில் ஓடும் ஸ்கானில் மெல்லச் சாயும். ஒரு வொக்சல் அசைந்தாலே நுனி கரைந்துவிடும், ஆகவே இறுக்கிப் பிடித்த கவ்விதான் வேண்டும்.

படத்தில் தெரியும் கறுப்புக் கோடு எல்லாம் வெடிப்பு அல்ல. குழாயிலிருந்து வரும் கதிர் பல சக்திகளின் கலவை. மெல்லிய சக்தி ஓரத்திலேயே உறிஞ்சப்படுவதால் துண்டின் நடு இருட்டாகவும் ஓரம் வெளிச்சமாகவும் வரும். குழாயின் வாயில் அரை மில்லிமீற்றர் அல்லது ஒரு மில்லிமீற்றர் செம்புத் தகடு வைத்தால் இது தணியும். கூரிய மூலைகள் இரண்டுக்கு நடுவே கோடு இழுபடும், கீவே உள்ள துண்டில் இது நிச்சயம். சுழலச்சை மையமாக வைத்த வட்டங்கள் உணர்தட்டின் பழுதான பிக்சல்களால் வருவன. உண்மையான வெடிப்பு மூன்று திசை வெட்டுமுகத்திலும் தெரியும், அடுத்தடுத்த வெட்டுமுகங்களில் தொடர்ந்து ஊரும், கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும். நேர்கோடாகவும் மூலையிலிருந்து மூலைக்கும் போனால் சந்தேகப்படுங்கள்.

திரும்பி வரும் பொதியைப் பற்றிச் சொல்ல நிறைய முறைப்பாடு இருக்கிறது. ஒரு சுழலும் வீடியோ, பத்துப் பக்க அறிக்கை, நிறம் தீட்டிய வெடிப்பின் முப்பரிமாண மாதிரி. இவை பார்க்க நல்லாயிருக்கும், வேலைக்கு உதவாது. நிறம் தீட்டிய மாதிரி, யாரோ ஒருவர் சாம்பல் நிற அளவில் ஒரு எல்லை வைத்து "இதற்குக் கீழே எல்லாம் வெடிப்பு" என்று தீர்மானித்ததன் விளைவு. உலோகத்துக்கும் காற்றுக்கும் நட்டநடுவில் எல்லை வைப்பது வழக்கம். வொக்சலைவிட ஒடுங்கிய வெடிப்பு முழுக் கறுப்பாக வராது, இளஞ்சாம்பலாகத்தான் வரும். நடு எல்லையில் அது முழுக்க விடுபட்டுப் போகும். அந்த இளஞ்சாம்பல்தான் நுனி. அதனால் மூல வெட்டுமுகங்களை 16 பிற் டிஃப் (TIFF) படக்கோப்பு அடுக்காகத் தரும்படி கட்டளையிலேயே எழுதி வாங்க வேண்டும்.

2,000 புள்ளிப் பெட்டி 16 பிற்றில் 16 ஜிபி வரும். இணையத்தில் இறக்க வசதியாக என்று சிலர் இரண்டு மடங்கு சுருக்கி 2 ஜிபியாக அனுப்புவார்கள். சுருக்கினால் பக்கத்துப் புள்ளிகள் சராசரியாகி, இளஞ்சாம்பல் அழிந்து, வெடிப்பின் நுனி அங்கேயே செத்துப் போகும். சுருக்க வேண்டாம், வெட்டித் தாருங்கள் என்று கேளுங்கள். வெடிப்பைச் சுற்றி 600 புள்ளிப் பெட்டி, 8 பிற்றில் 216 எம்பிதான். அதை இணையத்தில் வாங்கிப் பார்த்துக்கொண்டு, முழுவதையும் ஹாட் டிஸ்கில் பின்னால் எடுக்கலாம். பார்க்கக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. இலவச மென்பொருளான பிஜி (Fiji) போதும். முழு அடுக்கையும் நினைவகத்தில் ஏற்றாமல் டிஸ்கிலிருந்தே திறக்கும் வசதி அதில் இருக்கிறது. அதிலுள்ள கறுப்பு ரொப்-ஹற் (black top-hat) என்ற பட வடி ஒடுங்கிய இருண்ட கோடுகளை மட்டும் தூக்கிக் காட்டும். நிச்சயமான வெடிப்பிலிருந்து தொடங்கி, அதோடு ஒட்டிய மங்கலான புள்ளிகளை மட்டும் சேர்த்துக்கொண்டு போகும் இரட்டை எல்லை முறைதான் நுனிக்கு ஏற்றது. துண்டின் வெளிப்பக்கத்தில் நுணுக்குக்காட்டியால் அளந்த வெடிப்பு நீளமும் ஸ்கானில் அதே பக்கத்தில் தெரியும் நீளமும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தாவிட்டால் உள்ளே தெரியும் ஆழத்தையும் நம்பக்கூடாது.

கடைசிச் சோதனை உடைத்துப் பார்ப்பது. ஸ்கான் எல்லாம் முடிந்த சாதாரண உருக்குத் துண்டைத் திரவ நைதரசனில், மாட்டுக்குச் செயற்கைச் சினைப்படுத்த விந்து சேமிக்கும் அதே திரவத்தில், ஆறவிட்டுத் தட்டினால் மிச்ச உலோகம் கண்ணாடிபோல நொறுங்கும். பழைய வெடிப்பு முகமும் புது முறிவும் நிறத்தாலும் தன்மையாலும் பிரிந்து தெரியும். அலுமினியத்துக்கும் 316 துருவேறா உருக்குக்கும் இது எடுபடாது, அவை குளிரில் நொறுங்கும் சாதி அல்ல.

இவ்வளவு குறை சொல்லியும் அலுமினியத்துக்கு நாலரை கொடுத்ததற்குக் காரணம் வெல்டிங் செய்த புரொப்பெல்லர். பாறையிலோ வலைக் கயிற்றிலோ பட்டு இதழ் உடைந்தால் இங்கே ரிக் (TIG) வெல்டிங்கில் ஒட்டி ஓடவிடுவது வழக்கம். சில மாதத்தில் ஒட்டின் ஓரத்திலேயே வெடிக்கும். ஈரமும் உப்பும் எண்ணெயும் உருகிய அலுமினியத்தில் ஐதரசனை விடும், அது இறுகும்போது உருண்டைக் குமிழாக நின்றுவிடும். 40 மில்லிமீற்றர் அகல இதழ்த் துண்டில் 20 மைக்ரோமீற்றர் வொக்சல் கிடைக்கும். மூன்று வொக்சல் விட்டத்துக்கு மேற்பட்ட குமிழை எல்லாம் நம்பி எண்ணலாம், அதாவது 60 மைக்ரோமீற்றரிலிருந்து. எத்தனை குமிழ் என்பதைவிட மேற்பரப்புக்கு அடியோடு ஒட்டி நிற்கும் பெரிய குமிழ் எது என்பதுதான் களைப்புக்கு முக்கியம். அதை வெளியே பூசும் எந்தச் சாயத் தெளிப்பானும் காட்டாது. உருண்டையாக இல்லாமல் தட்டையாக, பழைய உலோகமும் புதிய உலோகமும் சேரும் தளத்தில் படுத்துக்கிடக்கும் வெற்றிடம் தெரிந்தால் அது உருகிச் சேராத ஒட்டு. குமிழுக்கு மருந்து சுத்தமும் சூடாக்கி உலர்த்தலும், சேராத ஒட்டுக்கு மருந்து சரிவாகச் செதுக்கி வாய் திறந்து, கரண்டைக் கூட்டுவது. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே ஒரு ஸ்கான் போதும், பட்டறை முழுவதற்கும் அந்தப் பாடம் உதவும். வார்ப்பு அலுமினிய கியர்ப் பெட்டி, பிஸ்டன் இவற்றுக்கும் இதே கதை.

பட்டறையின் அன்றாடக் கேள்விக்கு விடை மூன்று டப்பாவில் இருக்கிறது. துடைக்கும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளைத் தூள். சாயம் பூசிப் பத்திலிருந்து இருபது நிமிடம் விட்டு, துணியில் துடைத்து, தூள் தெளித்தால் மேற்பரப்பில் திறந்த வெடிப்பு சிவப்புக் கோடாகக் கசியும். துடைக்கும் திரவத்தை நேரே வெடிப்பின் மேல் தெளிக்கக்கூடாது, உள்ளே போன சாயமும் கழுவுப்பட்டுப் போகும். காந்தத்தில் ஒட்டும் உருக்கென்றால் காந்தத் துகள் முறை இன்னும் கூர்மையானது. 316 ஸாஃப்றில் அது வேலை செய்யாது. வெடிப்பின் ஆழ வடிவம் மட்டும் வேண்டும், துண்டு போனாலும் பரவாயில்லை என்றால், சாதாரண உருக்கை 300 பாகை அளவில் சூடாக்கி வெடிப்பு முகத்தை நீலமாக்கி, பிறகு உடைத்துப் பார்ப்பது உள்ளூரிலேயே முடியும் வேலை. நீலம் நின்ற கோடுதான் வெடிப்பின் முன்முனை. உருக்கைப் பொறுத்தவரை இந்த மலிவு வழி, பெரிய ஸ்கானைவிட அநேக நேரத்தில் கூடச் சொல்லும். இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே துண்டைப் பல தரம் ஸ்கான் செய்து, நடுவில் களைப்பு மெசினில் சுற்றுகளை ஓட்டி, வெடிப்பு எந்தத் திசையில் எவ்வளவு முன்னேறியது என்று பார்க்க நினைப்பவர்கள், யாழ். பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்து மாணவர்போல ஆராய்ச்சிக்காகக் கேட்பவர்கள், கட்டணச் சேவைக்கு அப்பாலும் பார்க்க வேண்டும். பிரான்சின் கிரெனோபிளில் 844 மீற்றர் சுற்றளவு வளையம், ஜப்பானின் ஸ்பிரிங்-8இல் 1,436 மீற்றர் வளையம், பக்கத்தில் என்றால் இந்தூரின் இண்டஸ்-2. இவை ஒத்தியங்கு முடுக்கிகள் (synchrotron), அதாவது இலத்திரன்களை வளையத்தில் சுற்றவிட்டு வலுவான எக்ஸ்ரே எடுக்கும் நிலையங்கள். இவற்றில் ஒரே சக்தியுள்ள கதிரைப் பிரித்தெடுக்கலாம், ஆகவே ஓரம் வெளுக்கும் வில்லங்கம் இல்லை. கதிரின் அலைத்தன்மையால் வெடிப்பின் விளிம்பில் ஒளிக்கோடு விழும், அதனால் வொக்சலைவிட ஒடுங்கிய வெடிப்பும் தெரியும். கிரெனோபிளில் வளர்ந்த விளிம்புவளைவு (diffraction) முறையில் ஒவ்வொரு உலோக மணியின் (உலோகத்தை ஆக்கும் நுண்பளிங்கின்) திசையையும் கண்டுபிடித்து, வெடிப்பு எந்த மணி எல்லையில் திரும்பியது, எங்கே தாமதித்தது என்று தைத்தேனியக் கலப்புலோகத்தில் காட்டியிருக்கிறார்கள். திட்ட முன்மொழிவு ஏற்கப்பட்டு, முடிவை வெளியிடுவதாக இருந்தால் கதிர் நேரத்துக்குக் காசு இல்லை. ஆனால் துண்டு ஒரு மில்லிமீற்றர் குச்சிதான். 100 மைக்ரோமீற்றர் மணி என்றால் குறுக்கே பத்து மணி மட்டும். அவ்வளவு சின்னத் துண்டில் வெடிப்பு தடித்த ஸாஃப்றில் ஓடுவதுபோலவே ஓடும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

அலுமினியத்தில் மணி எல்லைகளைக் கட்டண மைக்ரோ சீ.ரி.யிலேயே பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. திரவக் கலியம் மணி எல்லைகளுக்குள் ஊறி, எக்ஸ்ரேயைக் கூட உறிஞ்சி, வலைபோலத் தெரியவைக்கும். ஊறிய பிறகு துண்டு கையில் உதிரும், ஆகவே வெடிப்பு ஸ்கான்கள் எல்லாம் முடிந்த பிறகே கடைசியாக இதைச் செய்ய வேண்டும். கலியம் 29.8 பாகையில் உருகும், எங்கள் சித்திரை மத்தியானத்தில் போத்தலுக்குள் தானாகவே தண்ணீராக நிற்கும். ஆனால் அது அலுமினியத்தைத் தின்னும் என்பதால் விமானத்தில் ஆபத்துப் பொருள் பட்டியலில் இருக்கிறது. கூரியர் பொதிக்குள் ஒரு சொட்டும் வைக்கக்கூடாது, அங்கேயே பூசித்தரும்படி கேட்க வேண்டும்.

கட்டளைப் படிவத்தில் எழுத வேண்டியவை: உலோகத்தின் தரம், மிக நீளமான பாதை எத்தனை மில்லிமீற்றர், வெடிப்பு வாய் எங்கே, கேட்கும் வொக்சல் எவ்வளவு, வாற் எண் அந்த வொக்சலின் மைக்ரோமீற்றர் எண்ணுக்கு மேல் போகக்கூடாது, இழுவையோடு ஒரு ஸ்கான், இழுவை இல்லாமல் ஒரு ஸ்கான், நிழற்பட எண்ணிக்கை, மூல அடுக்கு 16 பிற், சுருக்கம் இல்லை, துண்டு திரும்பி வரவேண்டும். ஐ.எஸ்.ஓ. 15708இன்படி (சீ.ரி. சோதனைக்கான சர்வதேசத் தரம்) அறிக்கை என்று ஒரு வரி சேர்த்தால் ஸ்கான் அமைப்புகளை எழுதித் தரச் சொல்லிக் கேட்க ஒரு பிடி கிடைக்கும். கட்டணம் பெரும்பாலும் மெசின் மணித்தியாலத்துக்கு; அமைப்பதற்கும் பகுப்பாய்வுக்கும் வேறு வேறு. பகுப்பாய்வை வாங்காமல் விட்டு, அந்தக் காசை இழுவையோடு எடுக்கும் இரண்டாவது ஸ்கானில் போடுங்கள்.